நான்கு ஆறுகளின் தோட்டம்: இஸ்லாமியத் தோட்டக் கலையும் அது உணர்த்தும் பாடமும்

 

 நம் ஆண்டறிக்கை மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு நிர்வாகத்தினர் பணித்தனர். முஸ்லிம் மன்னர்கள் புரிந்த போர்களைப் பற்றியும், எழுப்பிய மாளிகைகளைப் பற்றியும் நிறைய எழுதப்பட்டுவிட்டது. அம்மாளிகைகளைச் சூழ்ந்திருந்த தோட்டங்களைப் பற்றி நம்மில் பலர் எண்ணிப் பார்த்ததில்லை. ஆயினும் தோட்டம் என்பது நமது மார்க்கத்தின் நம்பிக்கையோடு நெருங்கிய தொடர்புடையது. முஃமின்களுக்கு அல்லாஹ் வாக்களித்திருக்கும் இறுதி இல்லமே ஒரு தோட்டம்தானே!

சொல்லில் மறைந்திருக்கும் நிழல்

‘ஜன்னத்’ எனும் அரபுச் சொல்லுக்கு ஜீம், நூன், நூன் என்பன மூல எழுத்துகள். ‘மறைத்தல்’ என்பது அவற்றின் அடிப்படைப் பொருள். கண்ணுக்குப் புலப்படாத படைப்பு ஜின் எனப்படுகிறது. தாயின் கருவறையில் மறைந்திருக்கும் சிசு ஜனீன் எனப்படுகிறது. அறிவு மறைந்துபோன நிலை ஜுனூன். அவ்வாறே, அடர்ந்த மரங்களின் இலையும் கிளையும் நிலத்தையே மறைத்துவிடும் அளவுக்கு நிழல் தருகின்ற தோட்டம் ‘ஜன்னத்’ ஆயிற்று. வெயில் சுட்டெரிக்கும் பாலைவனத்தில் வாழ்ந்த மக்களுக்கு இச்சொல் எவ்வளவு குளிர்ச்சியாக ஒலித்திருக்கும் என்பதைச் சித்திரை மாத வெயிலில் நிற்கும் நாமும் உணர்ந்துகொள்ளலாம்.

திருக்குர்ஆனில் 18:107, 23:11 ஆகிய இரு வசனங்களில் ‘ஃபிர்தவ்ஸ்’ என்னும் சொல் வருகிறது. சுற்றிலும் மதில் எழுப்பப்பட்ட தோட்டத்தைக் குறித்த பழைய ஈரானியச் சொல்லோடு மொழியறிஞர்கள் இதைத் தொடர்புபடுத்துவர். ஐரோப்பிய மொழிகளில் சுவனத்தைக் குறிக்க வழங்கும் சொல்லும் அதே மூலத்திலிருந்து பிறந்ததே.

சுவனத்தின் வருணனை திருமறையில் பல இடங்களில் பரந்து கிடக்கிறது. சூரா முஹம்மதின் 15ஆம் வசனம் நான்கு வகை ஆறுகளைக் கூறுகிறது: மாறாத நீர், சுவை கெடாத பால், பருகுவோருக்கு இன்பமளிக்கும் பானம், தெளிந்த தேன். சூரா ரஹ்மானிலோ, தன் இரட்சகன் முன் நிற்பதை அஞ்சியவருக்கு இரு தோட்டங்கள் உண்டு என்று 46ஆம் வசனமும், அவையன்றி மேலும் இரு தோட்டங்கள் உண்டு என்று 62ஆம் வசனமும் அறிவிக்கின்றன. ஆகத் தோட்டங்கள் நான்கு. அவற்றில் ஓடும் ஊற்றுகள், கரும்பச்சை நிறம், பேரீத்தம்பழம், மாதுளை என ஒவ்வொன்றும் தனித்தனியே சொல்லப்படுகிறது. ஆறு, நிழல், கனி, ஊற்று, நான்கு என்னும் எண்ணிக்கை ஆகிய இவற்றைப் பின்வந்த தோட்டக் கலைஞர்கள் தம் கண்முன் நிறுத்திக்கொண்டனர்.

சார்பாக்: நாற்பகுதித் தோட்டம்

ஒரு சதுர நிலத்தை இரு நீரோடைகள் குறுக்கும் நெடுக்குமாகக் கடந்து நான்கு சமபாகங்களாகப் பிரிக்க, ஓடைகள் சந்திக்கும் நடுவிடத்தில் ஒரு தடாகம் அமைந்து, சுற்றிலும் மதில் சூழ்ந்திருக்கும் அமைப்புக்குப் பாரசீக மொழியில் ‘சார்பாக்’ என்று பெயர். சார் என்றால் நான்கு. பாக் என்றால் தோட்டம். நடைபாதைகள் உயர்ந்தும், மரம் நடும் பாத்திகள் தாழ்ந்தும் இருக்கும். பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்ச அது வசதி. நடந்து செல்வோருக்கோ மலர்களும் கனிகளும் கையெட்டும் உயரத்தில் தோன்றும்.

வரலாற்றில் நேர்மை வேண்டும் என்பதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இவ்வமைப்பை முஸ்லிம்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் பாரசீக மன்னர் சைரஸ் தம் தலைநகரான பசர்கடேயில் கல்லால் ஆன நீரோடைகளோடு அமைத்த தோட்டத்தின் எச்சங்கள் இன்றும் உள்ளன. பாரசீகம் இஸ்லாத்தைத் தழுவிய பின்னர், பழைய வடிவத்துக்குத் திருமறையின் ஒளியில் புதிய பொருள் கிடைத்தது. நான்கு ஓடைகள் சுவனத்தின் நான்கு ஆறுகளை நினைவூட்டின. நடுத் தடாகம் கவ்ஸர் தடாகத்தை நினைவூட்டியது. என்றும் பசுமையாய் நிற்கும் சைப்ரஸ் மரம் அழியாமையின் சின்னமாகவும், ஆண்டுதோறும் பூத்துக் காய்க்கும் கனி மரம் மீண்டும் துளிர்க்கும் வாழ்வின் சின்னமாகவும் கருதப்பட்டன.

இக்கலை கிழக்கிலும் மேற்கிலும் பரவியது. ஸ்பெயினில் கிரனாடா நகரின் அல்ஹம்ராவில், 14ஆம் நூற்றாண்டில் அமைக்கப்பட்ட சிங்க முற்றத்தில், 12 சிங்கங்கள் தாங்கும் நீரூற்றிலிருந்து நான்கு ஓடைகள் நான்கு திசைகளிலும் செல்கின்றன. காஷ்மீரத்தில் ஜஹாங்கீர் காலத்தில் 1619இல் தொடங்கப்பட்ட ஷாலிமார் தோட்டத்தில் மலையிலிருந்து இறங்கும் நீர் படிப்படியாக வழிந்து தால் ஏரியை நோக்கி ஓடுகிறது.

பாபரின் கிணறும் தாஜின் கவலையும்

மலைநீர் ஓடும் நாட்டில் தோட்டம் அமைப்பது எளிது. சமவெளியில் அதற்கு உழைப்பு வேண்டும். 1526இல் டில்லியைக் கைப்பற்றிய பாபர், ஆக்ராவின் வெப்பத்தையும் புழுதியையும் ஓடும் நீர் இல்லாத குறையையும் தம் வாழ்க்கைக் குறிப்பில் வருத்தத்தோடு எழுதியுள்ளார். எழுதியதோடு அவர் நின்றுவிடவில்லை. யமுனைக் கரையில் முதலில் கிணறு வெட்டினார். பின்னர் குளியலறைக்கும் தடாகத்துக்கும் நீர் கொணர்ந்தார். அதன் பின்னரே மலர்ப் பாத்திகளை அமைத்தார். நீர் முதலில், அழகு பின்னர் என்னும் இந்த வரிசை கவனிக்கத்தக்கது.

அவர் மகன் ஹுமாயூனின் அடக்கத்தலம் டில்லியில் 1570 அளவில் நிறைவுற்றது. இந்தியாவில் ஒரு பெரும் அடக்கத்தலம் சார்பாக் தோட்டத்தின் நடுவில் அமைந்தது அதுவே முதன்முறை. கட்டடத்தின் அறை அமைப்பை ‘ஹஷ்த் பிஹிஷ்த்’, அதாவது எட்டுச் சுவனங்கள் என்று அழைத்தனர். காலப்போக்கில் அத்தோட்டத்தின் ஓடைகள் தூர்ந்து வறண்டன. ஆகாகான் அறக்கட்டளை மேற்கொண்ட சீரமைப்பு 2003இல் நிறைவுற்றபோது மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஓடைகளில் மீண்டும் நீர் ஓடியது. அந்த ஓடைகளின் சரிவு 40 மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் மட்டுமே! கண்ணுக்குத் தெரியாத அந்தச் சரிவைக் கணக்கிட்டு அமைத்த கொத்தனார்களின் கைத்திறனை என்னென்பது! பழைய கிணறுகள் தூர் வாரப்பட்டன. மழைநீரை நிலத்துக்குள் அனுப்ப 128 குழிகள் அமைக்கப்பட்டன. மா, எலுமிச்சை, வேம்பு, மல்லிகை என 2500க்கும் மேற்பட்ட மரங்களும் செடிகளும் நடப்பட்டன.

இக்கலையின் சிகரம் ஆக்ராவின் தாஜ்மஹால். 1632இல் ஷாஜஹான் தொடங்கிய அப்பணியில், ஏறத்தாழ 300 மீட்டர் பக்க அளவுள்ள சதுரத் தோட்டம் இடம்பெற்றது. நடுவிலுள்ள பளிங்குத் தடாகத்துக்குக் கவ்ஸரின் பெயரே வழங்குகிறது. யமுனையின் நீரை எருதுகள் இழுக்கும் தோல் சால் கொண்டு இறைத்தார்கள். நம் பக்கத்தில் பம்புசெட் வருவதற்கு முன் முன்னோர் பூட்டிய கவலை ஏற்றம் போன்றதே அது. இறைத்த நீர் உயர்ந்த தொட்டிகளில் தேக்கப்பட்டு, மண்குழாய்கள் வழியே தோட்டத்துக்குச் சென்றது. எல்லா நீரூற்றுகளும் ஒரே உயரத்துக்குப் பீறிட வேண்டும் என்பதற்காக ஒவ்வொன்றின் அடியிலும் செம்புப் பாத்திரம் பதிக்கப்பட்டது.

தோட்டத்தின் பொருள் என்ன என்பதைத் தாஜின் பெருவாயில் தெளிவாகவே சொல்கிறது. அதன் மீது பொறிக்கப்பட்டிருப்பது சூரா அல்ஃபஜ்ர். அமைதியடைந்த ஆன்மாவைத் தன் இரட்சகனிடம் மீளுமாறும், அவனுடைய நல்லடியார்களோடு அவனது சுவனத்தில் நுழையுமாறும் அழைக்கும் வசனங்களோடு அந்த சூரா நிறைவுறுகிறது. அதே சூராவின் முற்பகுதி எதைக் கண்டிக்கிறது என்பதையும் வாயிலில் நிற்பவர் ஓதியாக வேண்டும். அநாதையைக் கண்ணியப்படுத்தாமை, ஏழைக்கு உணவளிக்கத் தூண்டாமை, பொருளின் மீது கொண்ட அளவுகடந்த ஆசை ஆகியனவே அங்கு கண்டிக்கப்படுகின்றன. சுவனத்தின் வாயிலுக்கு வழி அவ்வசனங்களைக் கடந்துதான் செல்கிறது.

கபுருகளின் மீது கட்டடம் எழுப்புவது பற்றி ஹதீஸ்களில் வந்துள்ள தடையை நாம் அறிவோம். மன்னர்களின் செயலை நான் ஆதாரமாகக் காட்டவில்லை. அவர்களின் தோட்டத்தில் பொதிந்துள்ள கருத்தை மட்டுமே எடுத்துக்காட்டுகிறேன்.

வெள்ளாற்று முகத்துவாரத்திலிருந்து லால்பாக் வரை

இவையெல்லாம் வடநாட்டுச் செய்திகள் என்று எண்ண வேண்டா. நம் பெண்ணாடத்தைக் கடந்து செல்லும் வெள்ளாறு கடலில் கலக்கும் இடம் பரங்கிப்பேட்டை. அங்கு 1781ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளன்று ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் படையை எதிர்த்து நின்றவர் மைசூரின் ஹைதர் அலி. போர்க்களத்து ஹைதரை நம் மாவட்டத்தார் அறிவர். தோட்டக்காரரான ஹைதரை அறிந்தவர் குறைவு. பெங்களூரில் இன்று பல்லாயிரவர் உலவும் லால்பாக் தோட்டத்தை 1760இல் தொடங்கியவர் அவரே. சீரா நகரில் முகலாய ஆளுநர் அமைத்திருந்த தோட்டத்தைக் கண்டு அதைப்போல் ஒன்றை உருவாக்க விழைந்தார் என்பர். அவருடைய மகன் திப்பு சுல்தான் வெளிநாடுகளிலிருந்து விதைகளையும் கன்றுகளையும் வரவழைத்து அதை வளர்த்தார். தொடக்கத்தில் ஏறத்தாழ 40 ஏக்கராக இருந்த தோட்டம் இப்போது 240 ஏக்கர்.

திப்பு ஷஹீதான மறு ஆண்டு, 1800இல், பிரான்சிஸ் புக்கானன் என்னும் பிரிட்டிஷ் அலுவலர் அங்கு வந்து பார்த்து எழுதிய குறிப்பு கிடைக்கிறது. நடைபாதைகளால் பிரிக்கப்பட்ட சதுரப் பாத்திகளையும், ஓரங்களில் அழகிய சைப்ரஸ் மரங்களையும் அவர் கண்டார். ஒரு பாத்தி முழுவதும் ரோஜா, மற்றொன்று முழுவதும் மாதுளை என ஒவ்வொரு வகைக்கும் தனி இடம் ஒதுக்குவது முஸ்லிம்களின் வழக்கம் என்றும் குறித்துள்ளார். மைசூர்ச் சமவெளியிலும் கிணற்றிலிருந்து எருது பூட்டி இறைத்த நீர்தான் அத்தோட்டத்தைக் காத்தது.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1784இல் திப்பு கட்டி முடித்த கும்பஸைச் சூழ்ந்தும் ஒரு தோட்டம் உண்டு. 36 கருங்கல் தூண்கள் தாங்கும் அக்கட்டடத்துக்குள் ஹைதர் அலியும், அவருடைய துணைவியாரும், 1799 மே 5 அன்று அடக்கப்பட்ட திப்பு சுல்தானும் துயில்கின்றனர்.

அழிந்தவையும் நிலைத்ததும்

இத்தனை தோட்டங்களும் பின்னர் என்ன ஆயின? தாஜின் எதிர்க்கரையில் ஷாஜஹான் அமைத்த மஹ்தாப் தோட்டத்தை யமுனையின் வெள்ளம் மூழ்கடித்துவிட்டதென்று 1652இலேயே இளவரசர் ஔரங்கசீப் தந்தைக்கு எழுதினார். தாஜின் கனி மரங்களும் மலர்ச் செடிகளும் இருந்த இடத்தில், கர்சன் பிரபு வைஸ்ராயாக இருந்த காலத்தில் ஆங்கிலேயர் பாணிப் புல்வெளிகள் வந்தன. சென்னையில் ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா 1768இல் எழுப்பிய சேப்பாக்கம் அரண்மனையும் அதன் விரிந்த தோட்டமும் 1855க்குப் பின் ஆங்கிலேயர் வசமாயின.

இதில் வியப்பில்லை. திருமறையே தோட்டங்களின் அழிவை மூன்று இடங்களில் விரிவாகக் கூறுகிறது. சூரா கஹ்ஃபில், நடுவே ஆறு ஓடும் இரு தோட்டங்களுக்கு உரியவன், இது என்றும் அழியாது என்று பெருமையடித்தான், அழிந்தது. ஸபா நாட்டாரின் வலமும் இடமும் இருந்த தோட்டங்களை, நன்றி மறந்தமையால், அணை உடைந்த வெள்ளம் கொண்டுபோயிற்று. சூரா அல்கலமில் வரும் தோட்டக்காரர்களின் வரலாறு நம்மை இன்னும் ஆழமாகச் சிந்திக்க வைக்கிறது. ஏழை எவரும் உள்ளே வந்துவிடக் கூடாது என்று மெல்லப் பேசிக்கொண்டு, விடியற்காலையிலேயே கனி பறிக்கப் புறப்பட்டார்கள். அவர்கள் போய்ச் சேர்வதற்கு முன், இரவோடு இரவாகத் தோட்டம் கருகிப் போயிருந்தது. அவர்களிடம் நீர் இருந்தது, மரம் இருந்தது, கனியும் இருந்தது. ஏழைக்குத் திறக்கும் வாசல் மட்டும் இல்லை.

இதற்கு நேர்மாறான தோட்டம் ஒன்று மதீனாவில் இருந்தது. அண்ணலாரின் பள்ளிவாசலுக்கு எதிரே அபூதல்ஹா (ரலி) அவர்களுக்குச் சொந்தமான ‘பைருஹா’ என்னும் பேரீச்சந்தோட்டம் அது. நாயகம் (ஸல்) அவர்கள் அதனுள் சென்று அதன் சுவையான நீரைப் பருகுவார்கள். தமக்கு விருப்பமானதைச் செலவிடாத வரை நன்மையை அடைய முடியாது என்ற கருத்துள்ள வசனம் (3:92) இறங்கியதும், தம் சொத்துகளில் மிக விருப்பமான அத்தோட்டத்தை அபூதல்ஹா (ரலி) அல்லாஹ்வுக்காக வழங்கிவிட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் மகிழ்ந்து, அதை அவருடைய உறவினர்களுக்குப் பகிர்ந்தளிக்குமாறு கூறினார்கள். அதற்குப் பளிங்குத் தடாகம் இல்லை, செம்புக் குழாயும் இல்லை. எனினும் 14 நூற்றாண்டுகள் கடந்தும் உலகெங்கும் ஹதீஸ் ஓதும் மாணவர்களின் நாவில் அத்தோட்டம் பசுமையாய் நிற்கிறது. தோட்டம் சுவனத்தின் சாயலைப் பெறுவது அதன் வடிவத்தால் மட்டுமன்று. அதன் நீரும் நிழலும் கனியும் பிறரைச் சென்றடைவதாலேயே.

தாஜுக்கும்கூட ஷாஜஹான் 30 கிராமங்களின் வருவாயையும், அருகிலிருந்த கடைவீதி, சத்திரங்களின் வருவாயையும் வக்ஃபாக எழுதிவைத்தார். வக்ஃபு இன்றித் தோட்டம் நிலைக்காது என்பதை மன்னரும் அறிந்திருந்தார்.

கொடிக்காலும் ஹவுதும்

நம் மாவட்டத்தில் மன்னர் அமைத்த சார்பாக் இல்லை. ஆனால் வீராணம் ஏரிக்கரை லால்பேட்டையில் நம் சமுதாயத்தார் பாடுபட்டு வளர்க்கும் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் சென்று பாருங்கள். நேர்க்கோட்டில் உயர்ந்த பாத்திகள், இடையிடையே நீர் நிற்கும் வாய்க்கால்கள், கொடி படர அகத்தி மரங்கள், வெயில் புகாத நிழல்! நிலத்தை மறைக்கும் நிழல் என்று ‘ஜன்னத்’துக்கு அகராதி கூறும் பொருளை அங்கு கண்ணாரக் காணலாம்.

நான் ஓதிய மத்ரஸாவில் ஒரு ஹவுது இருந்தது. ஒளுச் செய்த நீர் சிறு வாய்க்கால் வழியே சென்று பத்துப் பன்னிரண்டு வாழைகளுக்கும் இரு தென்னைகளுக்கும் பாயும். வாழைத்தார் முற்றினால் மாணவர்களுக்குப் பங்கு உண்டு. பின்னர் ஹவுதைத் தூர்த்துக் குழாய்கள் வைத்தார்கள். தண்ணீர் சாக்கடைக்குப் போயிற்று. சில ஆண்டுகள் கழித்துச் சென்றபோது வாழையும் இல்லை, தென்னையும் இல்லை. எவரும் தீய எண்ணத்தோடு செய்ததன்று. வாய்க்காலைப் பற்றி எவரும் எண்ணவில்லை, அவ்வளவே. ஒரு ‘முத்து’ அளவு, அதாவது இரு கைகளாலும் அள்ளும் அளவு நீரில் ஒளுச் செய்த நபியின் உம்மத் நாம் என்பதை அன்று எண்ணி வருந்தினேன்.

நம் மஹல்லாவில் ஒரு தோட்டம்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, மய்யித்தைக் குளிப்பாட்ட இலந்தை இலை தேவைப்பட்டது. நீரோடு ‘ஸித்ர்’ இலை சேர்த்துக் குளிப்பாட்டுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் மகளாரின் ஜனாஸாவின்போது பெண்களுக்குக் கற்பித்தார்கள் அல்லவா! ஸித்ர் நம் இலந்தையின் இனமே. இளைஞர்கள் டார்ச் விளக்கோடு புறப்பட்டு, கரும்புக் கொல்லை வரப்புகளில் தேடி, நெடுநேரத்துக்குப் பின் ஒரு கிளையோடு திரும்பினார்கள். அதுவரை மய்யித் காத்திருந்தது. ஒரு ஜமாஅத்துக்கு ஓர் இலந்தை மரம் இல்லையே என்ற எண்ணம் அன்று முதல் என் மனத்தை உறுத்துகிறது. சுவனத்தின் வருணனையிலும் (56:28) இடம்பெற்ற மரமன்றோ அது!

ஆகவே முத்தவல்லி அவர்களிடமும் நிர்வாகத்தினரிடமும் ஜமாஅத்தார் அனைவரிடமும் ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறேன். நம் மையவாடியில் முளைத்துக் கிடக்கும் முட்புதர்களை அகற்றி, கபுருகளுக்கு இடையூறு இல்லாத ஓரங்களில் இலந்தை, வேம்பு, மாதுளை, எலுமிச்சை, மருதாணி ஆகியவற்றை நடுவோம். ஒளுச் செய்த நீர் வீணாகாமல் அம்மரங்களுக்குப் பாய ஒரு சிறு வாய்க்கால் வெட்டுவோம். மழைநீர் நிலத்துள் இறங்க ஓரிரு குழிகள் தோண்டுவோம். கனியும் இலையும் எவருக்கும் தடையின்றிக் கிடைக்கட்டும். மாற்று மத அண்டை வீட்டார் பறித்தாலும் மகிழ்வோம். கபுரின் மீது பசுமையான மட்டையை நட்டுவைத்த ஹதீஸுக்கு உலமாக்கள் கூறும் விளக்கங்களில் கருத்து வேறுபாடு உண்டு. அதற்குள் நான் செல்லவில்லை. ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்கு ஸதக்காவாகும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

கோடையில் மணலாகக் கிடக்கும் வெள்ளாற்றைப் பார்த்து நாம் பெருமூச்சு விடுகிறோம். நான்கு ஆறுகளின் தோட்டத்தை எதிர்பார்த்திருக்கும் நாம், நம் கையிலிருக்கும் ஒரு குவளை நீருக்கும் ஒரு மரக்கன்றுக்கும் நாளை கணக்குக் கூற வேண்டியவர்கள். மறுமை நிகழப்போகும் வேளையிலும் கையில் கன்று இருந்தால் நட்டுவிடுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் கூறியிருக்க, இவ்வாண்டின் ஐப்பசி மழைக்கு முன் நாம் நடுவதற்கு என்ன தடை?

யா அல்லாஹ்! எங்கள் கபுருகளைச் சுவனத்துப் பூஞ்சோலைகளில் ஒன்றாக ஆக்கியருள்வாயாக! எங்களுக்கு முன் சென்றவர்களுக்கு மன்னிப்பை வழங்குவாயாக! எங்கள் கைகளால் நடப்படும் மரங்களை எங்கள் பின்னோருக்கு நிழலாகவும் எங்களுக்கு நிலையான தர்மமாகவும் ஏற்றுக்கொள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.